அண்டாவுக்கு விசில் கிடையாது

நெடுங்குழி நிலையம், செவ்வாய். சமையல் கூடப் பராமரிப்புப் பதிவு.
எழுதுவது: முப்பிடாதி, நீராவி மற்றும் எரிவாயுப் பிரிவு.

நாள் 207. காலை 05:50
நிலை: எல்லாம் சரி

புழுதிப் புயல் ஓயவில்லை. சூரியத் தகடுகளிலிருந்து பாதி மின்சாரம்கூட வரவில்லை. மின் அடுப்புகளை நிறுத்தியாயிற்று. இன்று முதல் எரிவாயுவில் சமையல். ராக்கெட்டுக்காகத் தயாரித்து வைத்த மீத்தேன்தான். ராக்கெட் இப்போதைக்கு வரப்போவதில்லை. சாப்பிட அறுபது வாய் இருக்கிறது.

நிலையத்தில் நீராவி வேலைக்கு உரிமம் உள்ள ஒரே ஆள் நான். எனக்குப் பிறகு இந்த அண்டாவைத் தொடப்போகிற ஆளுக்காக எழுதுகிறேன். மேலோட்டமாகப் புரட்டாமல் ஒழுங்காகப் படிக்கவும்.

பெயர்ப் பலகையில் ஸ்டீம் கெட்டில் என்றுதான் இருக்கிறது. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அண்டா. அண்டாவுக்குள் இன்னொரு அண்டா என்று வைத்துக்கொள். உள்ளே இருப்பதில் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு ஜாக்கெட் என்று பெயர். அதில் கொஞ்சம் டிஸ்டில்ட் வாட்டர், பேட்டரிக்கு ஊற்றுவோமே அது. அடியில் பர்னர். தீ அந்தத் தண்ணீரை ஆவியாக்கும். ஆவி உள் அண்டாவைச் சுற்றி நின்று சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி தண்ணீராகிக் கீழே இறங்கும். அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்ப. ஜாக்கெட் முழுக்க மூடியது. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது.

பற்றவைக்கும் முன் அழுத்தம் காட்டும் கேஜைப் பார். அண்டா ஆறியிருக்கும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே, வெற்றிடப் பக்கம் நிற்க வேண்டும். பூஜ்யத்தில் நின்றால் ஜாக்கெட்டுக்குள் காற்று புகுந்துவிட்டது. பிறகு எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவு. நம் மீத்தேனுக்கு வாசனை கிடையாது, மூக்கை நம்பாதே. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிற அறிவாளி யாராவது இருந்தால் தயவுசெய்து வேறு நிலையத்துக்குப் போய்விடவும்.

ஆவி ஏறியபின் சேஃப்டி வால்வின் கைப்பிடியை ஒருமுறை லேசாகத் தூக்கிப் பார். அழுத்தம் எல்லை மீறினால் திறப்பதற்கு இருப்பது அது. கடைசியாகத் தண்ணீர் சுவிட்ச். ஜாக்கெட்டில் தண்ணீர் குறைந்தால் பர்னரை அணைத்து, சிவப்பு விளக்கைப் போடும். அண்டாவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

சமையல், இன்னாசி அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். கப்பல் கப்பலாகச் சமைத்துவிட்டு இங்கே வந்தவர். தன் கைபட்டு ஒரு சட்டி கருகியதில்லை என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். பூமியில் இருக்கும் மகள் ஜெபராணிக்கு அனுப்புகிற செய்தியிலும் பாதி அதுதான். அவருக்குப் பற்றவைக்கவும் அணைக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் வேலை.

நாள் 211. முற்பகல் 11:20
நிலை: சரி. ஒரு மாற்றம் செய்யப்பட்டது

கூடத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் ஊரில் ஏறுகிற சூடு ஏறாது. பருப்பு வேக மாட்டேன் என்கிறது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

இன்னாசி: “தாயி, பருப்பு கல்லு மாதிரி கெடக்கு. ஒன் அண்டாவ ஒரு மூணு விசில் விடச் சொல்லு. தன்னால வெந்துரும்.”

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்டாவுக்கு விசில் கிடையாது. குக்கரில் விசில் வருவது சாப்பாட்டின் ஆவி. இங்கே சேஃப்டி வால்வ் வழியாக வந்தால் அது ஜாக்கெட்டின் ஆவி. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சத்தம் போட்டால் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். இதை அவரிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. புயலில் எல்லாரும் முகம் செத்துக் கிடக்கிறார்கள், ஒரு வேடிக்கை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பர்னரை நிறுத்துகிற அழுத்த சுவிட்சைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தேன். வால்வ் தூக்குகிற அளவுக்கு.

புஸ்ஸென்று வந்தது. கூடத்தில் கைதட்டல். தலைவர் கோமதிநாயகமே மைக்கைப் பிடித்துவிட்டார்.

கோமதிநாயகம்: “முப்பிடாதி, இன்னொண்ணு!”

மூன்று வந்தது. பருப்பும் வெந்தது. அண்ணாச்சி முந்தின நாளே ஊறப்போட்டிருந்தார், அதனால் வெந்தது. புகழ் எனக்கு வந்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முதல் தட்டு. வாங்கிக்கொண்டேன்.

நாள் 219. பிற்பகல் 14:40
நிலை: சரிசெய்யப்பட்டது

இப்போது தினமும் விசில். அது வந்தால்தான் அண்ணாச்சி பருப்பை இறக்குகிறார், அது வந்தால்தான் இவர்கள் தட்டை எடுக்கிறார்கள்.

இன்று காலை சிவப்பு விளக்கு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு விசிலுக்கும் ஜாக்கெட் தண்ணீர் கொஞ்சம் வெளியே போகிறது.

செய்முறையை எழுதி வைக்கிறேன். எரிவாயுவை மூடு. முழுக்க ஆற விடு, முள் வெற்றிடப் பக்கம் போகிறவரை. ஊற்றுவாய் அடைப்பை மெதுவாகத் திற. டிஸ்டில்ட் வாட்டரும் துருப்பிடிக்காமல் இருக்கும் மருந்தும் சேர்த்து ஊற்று. அடை. மறுபடி பற்றவை. ஆவி வந்ததும் வால்வ் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்று. திரும்ப ஆறவிட்டு முள்ளைப் பார்.

ஜாக்கெட் காய்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே எரிவாயுவை மூடிவிட்டு வெளியே போய்விடு. ஜாக்கெட்டிலும் சரி, உள் அண்டாவிலும் சரி, ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றாதே. பழுத்த இரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். விரிசல் வழியாக உள்ளே இறங்குகிற தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி அண்டாவையே கிழித்துவிடும்.

இதையும் அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர் ஏன் குறைகிறது என்று கேட்பார்.

வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. பசியில் ஆளாளுக்குக் கத்தல். ஒலிபெருக்கியில், எல்லாரும் கேட்க:

கோமதிநாயகம்: “என்னம்மா, உன் விசிலுக்குத் தொண்டை கட்டிருச்சா? ஆமா, சீல் பண்ணின அண்டாவுல தண்ணி எப்படிக் குறையும்?”

முப்பிடாதி: “வால்வ் பழசு சார். கசிஞ்சிருக்கு. சரி பண்ணிட்டேன்.”

என்ன சுளுவாக வந்தது அந்தப் பொய்! அழுத்த சுவிட்சை இன்றைக்கே பழைய இடத்துக்குத் திருப்பியிருக்கலாம். திருப்பினால் விசில் நிற்கும், ஏன் நின்றது என்று கேட்பார்கள். இத்தனை நாள் ஊரையே ஏமாற்றியது வெளியே வரும். திருப்பவில்லை.

நாள் 224. காலை 07:10
நிலை: (எழுதப் பிடிக்கவில்லை)

மறுபடியும் சிவப்பு விளக்கு. அடுப்பில் பாதி வெந்த சோறு.

மறுபடி அணைத்து, ஆறவைத்து, அறுபது பேரையும் பட்டினி போட்டு, “சரி பண்ணிட்டேன்னு சொன்னியே” என்று அந்த மனுஷன் மைக்கில் கேட்க நான் நிற்க வேண்டும். முடியாது. நினைத்தாலே முகம் எரிகிறது.

தண்ணீர் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வயர்த் துண்டைச் சொருகிவிட்டேன். விளக்கு அணைந்தது. இனித் தண்ணீர் வற்றினாலும் சுவிட்ச் பர்னரை அணைக்காது. பர்னர் பிடித்துக்கொண்டது. இன்று ஒருநாள்தான். மத்தியானம் சமையல் முடிந்ததும் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வயரை எடுத்துவிடுவேன்.

இன்னொருத்தர் இதைச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். உரிமம் வாங்கிய கை இது. தூ.

நாள் 224. மாலை 17:30

மத்தியானம், வெளியே மீத்தேன் தயாரிக்கிற வாயு ஆலையில் பம்ப் உறைந்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். கொண்டுபோக வேண்டிய பாகங்களைச் சேர்த்துக் கட்டவே பொழுது போய்விட்டது. நாளை விடியற்காலை வண்டியில் கிளம்ப வேண்டும். அண்டாவை வந்து பார்த்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு வேளைக்குத் தண்ணீர் இருக்கும். இருக்கணும்.

“நான் வர்ற வரைக்கும் பத்த வைக்காதீங்க” என்று அண்ணாச்சியிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஏன் என்று கேட்பாரே.

நாள் 225. காலை 09:35. வாயு ஆலை

இதை வண்டிக்குள்ள இருந்து பேசிப் பதியுதேன். எழுத்து நடை, செய்முறை, ஒண்ணும் இனி வராது.

வெளியே வேலைக்குப் போனவங்க பொது அலையிலதான் பேசணும்னு விதி. நாங்க பேசுறது சாப்பாட்டுக் கூடத்துலயும் கேக்கும். நான் பம்புக்குக் கீழே படுத்திருந்தேன். அப்போ வந்துச்சு.

இன்னாசி: “தாயி, பத்த வெச்சு ரொம்ப நேரமாச்சு. விசிலே வரலியே. முள்ளும் அசையல. தீயக் கொஞ்சம் கூட்டவா?”

தண்ணி இருந்தாத்தானே ஆவி வரும்? ஆவி வந்தாத்தானே சத்தம் வரும்? அந்த மனுஷன் காலியா எரியுற அண்டா முன்னால நின்னு விசிலுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கார். விசில் வந்தா வெந்துச்சுன்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

முப்பிடாதி: “கூட்ட வேண்டாம் அண்ணாச்சி. அணைச்சிட்டு ஆற விடுங்க. நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

இன்னாசி: “பிரச்சினை ஒண்ணும் இல்லல்லா?”

முப்பிடாதி: “ஒண்ணும் இல்ல.”

சாதாரணமாச் சொன்னேன். கூடத்துல எல்லாரும் தட்டோட உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அதுதான் என் மண்டைக்குள்ள.

இன்னாசி: “அணைச்சிட்டேன். அடிப்பிடிச்ச வாசம் வருதே தாயி, பருப்பு கருகிரும் போல. ஒரு வாளி பச்சத்தண்ணி ஊத்திக் கிளறி விட்டுருதேன்.”

பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்துச்சு. “ஊத்தாதீங்க, ஜாக்கெட் காஞ்சுபோச்சு, வெளிய ஓடுங்க.” அவ்வளவுதான் சொல்லணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஏன்னு கேக்காத மாதிரி எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சேன். நல்லா நினைவிருக்கு. ‘பருப்பு கெட்டுப்போகும்’னு சொல்லலாமா, ‘தண்ணி ரேஷன்’னு சொல்லலாமான்னு யோசிச்சேன்.

யோசிச்சு முடிக்கலை. சத்தம் வந்துருச்சு.

நாள் 225. காலை 10:10. வண்டியில்

புழுதி. முன்னால ஒண்ணும் தெரியலை. கம்பத்து விளக்கைப் பார்த்துப் பார்த்து ஓட்டுதேன்.

கோமதிநாயகம்: “முப்பிடாதி, அண்டா வெடிச்சிருச்சு. எரிவாயுக் குழாயும் பிச்சுக்கிட்டு வந்துருச்சு. கதவெல்லாம் தன்னால பூட்டிக்கிச்சு. இன்னாசி அண்ணன் பக்கத்து சாமான் அறைக்குள்ள இருக்காரு. இடுப்புக்குக் கீழ வெந்துபோச்சுன்னு சொல்றாரு. கதவை அறுக்கலாம்னா சமையல் கூடம் பூரா மீத்தேன். ஒரு பொறி பட்டா முடிஞ்சுது. மெயின் வால்வை இங்க மூடிட்டோம். நீ வெளிப்பக்கமா வந்து வாயுவை வெளியேத்துற கதவைத் திறக்கணும். வேகமா வா.”

வாரேன். வாரேன். இதைவிட வேகமா இந்தச் சவம் போகாது.

அவரும் பொது அலையில வந்தார். மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார்.

இன்னாசி: “சார்... எல்லாரும் மன்னிச்சிருங்க. எந் தப்புதான். அந்தப் பிள்ள ஆற விடச் சொல்லிச்சு. நான்தான்... கருகிரும்னு பதறித் தண்ணிய ஊத்திட்டேன்.”

யாரோ “பரவாயில்லண்ணே, பேசாதீங்க”ன்னாங்க. நான் பொத்தானைத் தொடலை. கூறு கெட்ட மூதி நான், அப்பவாவது தொட்டிருக்கணும்.

நாள் 225. காலை 10:40. வண்டியில்

தனி அலைக்கு மாத்தி அவரைக் கூப்பிட்டேன். தனி அலைன்னா மஞ்சள் விளக்கு எரியும். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் கேக்கும். அவர் பக்கம் விளக்கெல்லாம் கிடையாது, எந்த அலைன்னு அவருக்குத் தெரியாது.

முப்பிடாதி: “அண்ணாச்சி, கேளுங்க. உங்க தப்பு இல்ல. தண்ணி சுவிட்சுல நான் வயர் போட்டு வெச்சிருந்தேன். ஜாக்கெட்டு காஞ்சுபோய் எரிஞ்சிருக்கு. அது எனக்குத் தெரியும். நீங்க பேசும்போதே தெரியும். எல்லாரும் கேக்காங்கன்னு வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டுட்டேன்.”



இன்னாசி: “அப்போ நான் ஊத்துனது...”

முப்பிடாதி: “அண்டா நல்லா இருந்திருந்தா நீங்க பத்து வாளி ஊத்தினாலும் ஒண்ணும் ஆயிருக்காது அண்ணாச்சி.”

இன்னாசி: “எம் மேல தப்பில்லையா?”

முப்பிடாதி: “இல்ல. சத்தியமா இல்ல.”

ஏசுவாருன்னு காத்திருந்தேன். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். அந்த மனுஷன் சந்தோஷப்பட்டார். உடம்பு பாதி வெந்து கிடக்கிற ஆளு, பரீட்சையில பாஸ்னு கேட்ட பிள்ளை மாதிரிப் பேசினார்.

இன்னாசி: “யப்பா... இவ்வளவு நேரமும் அதான் தாயி உள்ள அறுத்துக்கிட்டு இருந்துச்சு. எரிச்சல்கூடப் பெருசாத் தெரியல. எம் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவாங்கன்னு... எல்லாரும் கேட்டாங்கல்லா? நீ சொன்னத எல்லாரும் கேட்டாங்கல்லா?”

மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு முன்னாலதான்.

முப்பிடாதி: “கேட்டாங்க அண்ணாச்சி.”

இன்னாசி: “அது போதும்.”

அதுக்கப்புறம் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே ஓட்டுனேன்.

நாள் 225. முற்பகல் 11:25. வெளிச்சுவர்

வாயுக் கதவைத் திறந்தாச்சு. பனியில இறுகிக் கிடந்துச்சு, இரும்புத் தடிய வெச்சு நெம்புனேன். கையுறை உள்ளே ரத்தம். மீத்தேன் புகை மாதிரி வெளியே போறதைப் பார்த்தேன். உள்ளே இருந்து அறுக்கிற சத்தம் கேட்டுச்சு. பிறகு நின்னுச்சு.

இதை வாசிக்கிற ஆளே, நீ யாரோ எவரோ, உன்கிட்ட எல்லாம் சொல்லுதேன் பாரு. சுவிட்ச், வயர், விசில், ஒண்ணு விடலை. உன் முகம் எனக்குத் தெரியாது, அதனால எவ்வளவு சுளுவா வருது. உள்ளே இருக்கிறவங்க முகம் எனக்குத் தெரியும்.

வெளிவாசல்ல நிக்கேன். மனசுல ஒத்திகை பார்த்தேன். கதவு திறந்ததும் முதல் வார்த்தையா அதைத்தான் சொல்லணும். எல்லாரும் கேட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்ன பொய்ய நிஜமாக்கிரணும். அது ஒண்ணுதான் இனி அவருக்கு நான் செய்ய முடியும்.

நாள் 225. முற்பகல் 11:40. வெளிவாசல்

பொது அலை.

கோமதிநாயகம்: “முப்பிடாதி... இன்னாசி அண்ணன் போயிட்டாரும்மா. நாங்க உள்ள போறதுக்கு முன்னாடியே. நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்ச. பூமிக்குச் செய்தி அனுப்பணும், புயல் கொஞ்சம் விட்டிருக்கு, இப்ப விட்டா ஆண்டெனா கிடைக்காது. அவர் மகளுக்கு இப்படி எழுதியிருக்கேன். ‘சமையல் கருகிவிடக் கூடாது என்ற பதற்றத்தில் தண்ணீர் ஊற்றியதால் விபத்து நேர்ந்தது. தவறைக் கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார்.’ எல்லாரும் இங்கதான் நிக்கிறோம். அண்டாவைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீதான். சரிதானே?”

எல்லாரும் நிக்காங்க. எல்லாரும் கேக்காங்க.

பொத்தானை அழுத்தினேன். வாயைத் திறந்தேன். சத்தியமா அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

முப்பிடாதி: “சரிதான் சார்.”

கோமதிநாயகம்: “அழாதம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உள்ள வா, உனக்கு டீ எடுத்து வெச்சிருக்கோம்.”

கதவு திறந்துச்சு. போனேன்.